அலகில்லாத எண்

பாணேர், புணே
2 நவம்பர் 2025

அன்புள்ள ஜெபகுமார்,

நாணா எழுதுகிறேன். உங்களுக்கு அறுவை சிகிச்சை ஆன பிறகு நான் எழுதும் மூன்றாவது கடிதம் இது. முதல் இரண்டுக்கும் பதில் வராததை ஒரு குறையாகச் சொல்லவில்லை. குரல்வளையையே எடுத்திருக்கிறார்கள். எட்டு மாதம் ஒரு மனிதருக்கு அதிகக் காலமா என்று எனக்குத் தெரியாது. லலிதா தன் வழக்கப்படி, "பதில் வரலேன்னா விடுங்கோளேன், அவரைப் படுத்தாதேள்" என்கிறாள். அவள் சொல்வது சரியாகவும் இருக்கலாம். ஆனாலும் இந்த முறை சொல்வதற்கு ஒரு விஷயம் இருக்கிறது.

நான் ஒரு ரேடியோ வாங்கியிருக்கிறேன். ஒலிபரப்பக்கூடிய ரேடியோ. எழுபத்து நான்கு வயதில்!

அமெச்சூர் வானொலி உரிமம் வாங்கி முப்பத்து நான்கு வருடம் ஆகியும் நான் காற்றில் பேசியது மொத்தம் இரண்டு மணி நேரம்கூட இருக்காது. "வே, அந்த லைசென்ஸை பூஜை ரூம்ல வச்சு சூடம் காட்டும்" என்று ஆய்வுக்கூடத்தில் எல்லோர் முன்னிலும் சொல்வீர்கள். நீங்கள் டிரான்ஸ்மிட்டர் பிரிவு. நான் அளவீட்டுப் பிரிவு. நீங்கள் சத்தம் போடுவீர்கள், நான் அதை அளப்பேன். இருபத்திரண்டு வருடம் அப்படியே ஓடிவிட்டது.

இந்தப் புதிய ரேடியோ சோப்புப் பெட்டி அளவுதான் இருக்கிறது. குமிழ் கிடையாது, முள் கிடையாது. எல்லாமே கணினியில் ஓடும் மென்பொருள். எவ்வளவு பவரில் ஒலிபரப்ப வேண்டும் என்பதற்கு ஓர் எண் மட்டும் கொடுக்க வேண்டும், பூஜ்யத்திலிருந்து எண்பத்தொன்பது வரை. எண்பத்தொன்பது என்ன? வாட்டா, மில்லிவாட்டா? எதுவும் இல்லை. கையேட்டை நான்கு முறை படித்துவிட்டேன். இந்தக் கருவி கேலிபரேஷன் செய்யப்படவில்லை, எண்களை ஒன்றோடொன்று ஒப்பிட்டுப் பார்க்கலாம், அவ்வளவுதான் என்று ஒரே வரியில் முடித்துவிட்டார்கள். நான் பெட்டியைக் கவிழ்த்து, அடியில் ஏதாவது சான்று ஸ்டிக்கர் இருக்கிறதா என்று பார்த்தேன். முப்பது வருடம் ஸ்டிக்கர் ஒட்டிய கை சும்மா இருக்குமா?

இன்னொன்று. அந்த எண் தலைகீழ். அது கொடுப்பதைச் சொல்லவில்லை, குறைப்பதைச் சொல்கிறது. எண்பத்தொன்பது வைத்தால் கிட்டத்தட்ட மௌனம். பூஜ்யம்தான் உச்ச சத்தம்.

இதையெல்லாம் ஏன் சொல்கிறேன் என்றால், பூமத்திய ரேகைக்கு மேல் அசையாமல் நிற்கும் அமெச்சூர் செயற்கைக்கோளை நீங்கள் தினமும் கேட்பீர்கள் என்று முன்பு எழுதியிருந்தீர்கள். என் மாடியிலிருந்தும் அது தெரியும் திசைதான், அரபிக்கடல் பக்கம். நான் இங்கிருந்து மோர்ஸ் தட்டினால் அது அங்கே ஏறி, நாகர்கோவிலில் உங்கள் மேசைக்கு இறங்கும்.

மோர்ஸுக்குக் குரல் வேண்டியதில்லை. இந்த ஒரு வாக்கியத்தை எழுதலாமா கூடாதா என்று மூன்று நாள் யோசித்தேன். தவறாக இருந்தால் மன்னியுங்கள்.

என்றும் அன்புடன்,
சூர்யநாராயணன் (நாணா)


இராமன்புதூர், நாகர்கோவில்
11 நவம்பர் 2025

அன்புள்ள அண்ணன் அவர்களுக்கு,

அந்தோணியம்மாள் எழுதுகிறேன். நீங்களும் மதினியும் நலமாக இருக்க மன்றாடுகிறேன். இந்தக் கடிதத்தை அவர் எழுதச் சொல்லவில்லை. நான் எழுதுவது அவருக்குத் தெரியவும் தெரியாது. போனில் பேசலாமே என்று நினைப்பீர்கள். எங்கள் வீடு சின்னது. அவருக்குப் போனது குரல்தான், காது பாம்புக்காது. போனில் அவரைப் பற்றி ஒரு வார்த்தை சொன்னால் அடுத்த அறையில் கட்டில் கிரீச்சிடும். அதனால் தபால் ஆபீஸ் பெஞ்சில் உட்கார்ந்து எழுதுகிறேன்.

உங்கள் மூன்று கடிதங்களையும் நான்தான் வாசித்துக் காட்டினேன். கண்ணை மூடிக்கொண்டு கேட்டார். கடைசிக் கடிதத்தில் "பூஜ்யம்தான் உச்ச சத்தம்" என்ற இடத்தில் மட்டும் கண்ணைத் திறந்தார். பிறகு மூடிக்கொண்டார்.

எப்படி இருக்கிறார் என்று கேட்டால், புண் ஆறிவிட்டது. கழுத்தில் இருக்கும் துளை வழியாக நன்றாக மூச்சு விடுகிறார். சாப்பிடுகிறார். நான் முப்பத்தொரு வருடம் ஸ்டாஃப் நர்ஸாக இருந்தவள், அந்தக் கணக்கில் அவர் தேறிவிட்டார். ஆனால் யாரையும் பார்ப்பதில்லை. வருகிறவர்கள் அவருக்கு முன்னாலேயே என்னிடம், "சாருக்கு இப்ப எப்படி இருக்கு?" என்று கிசுகிசுக்கிறார்கள். அவர் எழுந்து உள்ளே போய்விடுவார். கோவிலில் பைபிள் வாசகம் வாசித்தால் மைக் வேண்டாம் என்று சொன்ன மனிதர் இவர், அண்ணன். இப்போது வாசலுக்குக்கூட வருவதில்லை. எழுதிக் காட்டுங்கள் என்று பேனா கொடுத்தேன். வாங்கி சட்டைப்பையில் செருகிக்கொண்டார்.

காலையில் ஒன்பது மணிக்கு அந்த ரேடியோ முன்னால் உட்காருவார். ஹெட்போன். ஒரு மணி வரை கேட்டுக்கொண்டே இருப்பார். தட்டுவது கிடையாது.

இப்போது ஒன்று செய்திருக்கிறார். அவர் படித்த கல்லூரிக்கு மெயில் அனுப்பி, கருவிகள் எல்லாவற்றையும் எடுத்துக்கொள்ளச் சொல்லிவிட்டார். ஜனவரி ஆறாம் தேதி வண்டி கொண்டு வருகிறார்களாம். அதுவும் போய்விட்டால் அவருக்குக் கேட்பதுகூட இல்லை. சுவரைப் பார்த்துத் திரும்பிப் படுக்கும் நோயாளிகளை நான் நிறையப் பார்த்திருக்கிறேன்.

அதற்குள் நீங்கள் அவரைக் கூப்பிட வேண்டும். ஒரு தடவையாவது அவர் பதில் தட்டினால் வண்டியைத் திருப்பி அனுப்பிவிடுவார் என்று என் மனம் சொல்கிறது. எப்படிச் செய்வீர்கள் என்பது எனக்கு விளங்காது. செய்யுங்கள்.

அன்புத் தங்கை,
அந்தோணியம்மாள்


பாணேர், புணே
19 நவம்பர் 2025

அன்புச் சகோதரி அந்தோணியம்மாள் அவர்களுக்கு,

உங்கள் கடிதத்தை மூன்று முறை படித்தேன். லலிதா ஒரு முறை படித்துவிட்டு, "இன்னும் என்ன யோசனை? அந்தப் பொட்டியை ஆன் பண்ணுங்கோ" என்றாள். என் தயக்கத்தை அவளுக்குப் புரியவைக்க முடியவில்லை. உங்களுக்காவது சொல்கிறேன்.

அந்தச் செயற்கைக்கோளைப் பிரேசில் கரையிலிருந்து தாய்லாந்து வரை எல்லோரும் பங்கிட்டுக்கொள்கிறார்கள். அதன் வழியாக எப்போதும் ஓர் அடையாள ஒலி வந்துகொண்டிருக்கும். பீக்கன் என்போம். விதி ஒன்றே ஒன்றுதான், யாருடைய ஒலியும் அந்தப் பீக்கனைவிட உரக்க இருக்கக்கூடாது. ஒருவர் மிஞ்சினால் மற்ற எல்லோருடைய ஒலியும் அமுங்கிப்போகும். அப்படி மிஞ்சினால், அவர் ஒலிக்குமேலேயே தானாக ஒரு சைரன் ஒலிக்கும். உலகத்தில் மூன்றிலொரு பங்கு அதைக் கேட்கும்.

ரயிலில் என் இருக்கையில் வேறொருவர் உட்கார்ந்திருந்தால் லோணாவளா வரை நின்றுகொண்டே போகிறவன் நான். அந்தச் சைரனை என்மேல் நானே வரவழைப்பேனா?

அதனால் அளந்துகொண்டிருக்கிறேன். விமான் நகரில் இருக்கும் ரங்கராஜன், எங்கள் பழைய சகா, ஒரு நல்ல பவர் மீட்டர் கடன் கொடுத்தார். அதை மடியில் வைத்துக்கொண்டு ஆட்டோவில் வந்தேன். ஒவ்வொரு பள்ளத்திலும் "ஹளூ, ஹளூ" என்று மெல்லப் போகச் சொல்லி நான் மராத்தியில் கெஞ்சியதில் ஆட்டோக்காரர் உள்ளே குழந்தை இருக்கிறதா என்று திரும்பிப் பார்த்தார்.

தொண்ணூறு எண்கள். ஒவ்வொன்றையும் மூன்று முறை அளக்கிறேன், பெட்டி குளிர்ந்திருக்கும்போது, அரை மணி ஓடியபின், ஜன்னல் வெயில் அதன்மேல் படும்போது. மூன்றும் மூன்று விடை. நாற்பத்தொன்றிலிருந்து நாற்பதுக்கு இறங்கினால் பவர் ஒரு படி ஏற வேண்டிய இடத்தில் இரண்டு படி ஏறுகிறது. எழுபதுக்குமேல் மீட்டருக்கே ஒன்றும் தெரியவில்லை. அலைவரிசையைச் சற்று நகர்த்தினால் அட்டவணை முழுதும் செல்லாது. போதாக்குறைக்கு மென்பொருளுக்குள் இன்னோர் அளவும் இருக்கிறது. அதை மாற்றினால் இந்த எண்ணுக்கு அர்த்தமே மாறிவிடுகிறது. அதற்குமேல் பவரைப் பெருக்கும் கருவி வேறு. நேற்றுவரை முப்பத்தொன்று எண்கள் முடிந்தன.

"யாருக்கு ஜாதகம் எழுதறேள்?" என்று லலிதா எட்டிப் பார்க்கிறாள்.

உங்களிடம் ஓர் உண்மையைச் சொல்ல வேண்டும். என் அளவு எனக்கே தெரியாமல் ஒரு வார்த்தைகூட வெளியே விடுவது எனக்கு முடியாத காரியம். ஜெபகுமார் அப்படி இல்லை. உரக்கப் பேசிவிட்டு எதிராளி முகத்தைப் பார்த்துத் தெரிந்துகொள்வார். நான் அதை வியந்து பார்த்தேனே தவிரக் கற்றுக்கொள்ளவில்லை. இப்போது அவர் பேச முடியாமல் இருக்கிறார், பேசக்கூடிய நான் அட்டவணை போடுகிறேன். டிசம்பர் கடைசிக்குள் முடித்துவிட முயல்கிறேன்.

பணிவன்புடன்,
சூர்யநாராயணன்


இராமன்புதூர்
27 நவம்பர் 2025

அன்புள்ள அண்ணன் அவர்களுக்கு,

டிசம்பர் கடைசிக்குள் நீங்கள் அட்டவணையை முடித்தால், ஜனவரி ஆறாம் தேதிக்குள் அவரைக் கூப்பிட எத்தனை நாள் மிஞ்சும்? கோபத்தில் எழுதவில்லை. இல்லை, கொஞ்சம் கோபம்தான்.

உங்கள் எண் கணக்கு எனக்குப் புரியாது. ஆனால் ஒன்று புரிகிறது. வார்டில் எத்தனையோ மருந்து கொடுத்திருக்கிறேன். ஒரே மருந்து, ஒரே எடை, ஒருவருக்குத் தூக்கம் வரும், பக்கத்துக் கட்டிலில் இருப்பவருக்கு மூச்சு நின்றுவிடப் பார்க்கும். புட்டியில் எழுதியிருக்கும் எண்ணை மட்டும் நம்பினால் ஆபத்து. நாங்கள் என்ன செய்வோம் தெரியுமா? மிகச் சின்ன அளவில் ஆரம்பிப்போம். கட்டில் பக்கத்தில் ஸ்டூல் போட்டு உட்காருவோம். முகத்தைப் பார்ப்போம். நாடியைப் பிடிப்போம். போதாது என்றால் இன்னும் கொஞ்சம். கை நோயாளிமேல் இருக்க வேண்டும், கண் கடிகாரத்தில் இருக்க வேண்டும்.

நீங்கள் அனுப்புவது உங்களுக்கே திரும்பக் கேட்கும் என்று அவர் ஒரு காலத்தில் எனக்குச் சொல்லியிருக்கிறார். அப்படியானால் ஆகச் சின்ன சத்தத்தில் தொடங்கி உங்கள் நாடியை நீங்களே பிடித்துப் பார்க்கக்கூடாதா? அந்தப் பீக்கனைத் தொடுவதற்கு முன்னால் நிறுத்திவிடுங்கள். வாட் கணக்கு எதற்கு?

தவறாக இருந்தால் விட்டுவிடுங்கள். நான் நர்ஸ்தான்.

அவர் நேற்று மூன்று மணி நேரம் கேட்டார். பிறகு கருவிகளைத் துணியால் துடைத்தார், கொடுத்து அனுப்பப் போகும் பாத்திரங்களைத் துடைப்பதுபோல.

தங்கை,
அந்தோணியம்மாள்


பாணேர், புணே
14 டிசம்பர் 2025

அன்புச் சகோதரிக்கு,

நீங்கள் சொன்னது தவறே இல்லை. என் துறையில் அதற்கு ஒரு பெயர்கூட உண்டு. அது எனக்குத் தெரியாமலும் இல்லை. தெரிந்ததைச் செய்ய ஒருவர் சற்றுக் கோபமாகச் சொல்ல வேண்டியிருந்தது.

சென்ற ஞாயிறு மாடியில் டிஷ் வைத்தேன். எங்கள் சொசைட்டி செயலாளர் சுஷ்மா, "ஆஜோபா, கிரிக்கெட் பார்க்கவா?" என்று தாத்தா முறை வைத்து மராத்தியில் கேட்டார். செயற்கைக்கோளுக்குச் சொல்லி அனுப்ப என்றேன். சிரித்துவிட்டு அனுமதி கொடுத்தார், நான் வேடிக்கை பேசுகிறேன் என்று நினைத்திருக்கிறார்.

திங்கள் காலை ஒன்பதரை. எண்பத்தொன்பதில் தொடங்கினேன். ஒரு தட்டு, கணினித் திரையைப் பார்ப்பது, ஓர் எண் இறங்குவது. திரையில் நீலப் பின்னணியில் மற்றவர்களின் ஒலிகள் மெல்லிய வெள்ளை இழைகளாக வழிந்துகொண்டிருக்கும். ஓரத்தில் பீக்கன் தடித்த கோடாக இருக்கும். என் இடத்தில் ஒன்றும் இல்லை. அறுபது. ஐம்பது. நாற்பது. நாற்பத்தொன்றிலிருந்து நாற்பதுக்கு அந்த இரண்டு படித் தாவலை நினைத்து மூச்சைப் பிடித்துக்கொண்டு இறங்கினேன். அப்போதும் ஒன்றும் இல்லை.

முப்பத்தொன்றில் ஓர் இழை தெரிந்தது.

சிலந்தி நூலைவிட மெல்லியது. என் கண்ணின் கோளாறோ என்று கண்ணாடியைத் துடைத்தேன். மறுபடி தட்டினேன். மறுபடி வந்தது. நான் விட்டால் அதுவும் விட்டது. சகோதரி, அது நான். எங்கள் பூஜை அறையில் எரிகிறதே, ஜீரோ வாட் என்று பெயர் வைத்த சிவப்பு பல்பு, அதில் நூற்றில் ஒரு பங்குகூட இல்லாத ஒன்று இந்த பாணேர் மாடியைவிட்டுக் கிளம்பி, முப்பத்தாறாயிரம் கிலோமீட்டர் ஏறி, அங்கே ஒரு கருவியைத் தொட்டு, மறுபடி அத்தனை தூரம் இறங்கி என் முன்னால் நூலாக நிற்கிறது. நான் கை கூப்பினேனா என்று கேட்காதீர்கள். லலிதா பார்த்துவிட்டாள்.

இன்னொரு விந்தையும் உண்டு. போய் வருவதற்குக் கால் விநாடி ஆகிறது. நான் ஒரு புள்ளி தட்டி விரலை எடுத்தபின் அந்தப் புள்ளி காதில் கேட்கிறது. என் கை எப்படித் தட்டுகிறது என்று முதல் முறையாக வெளியிலிருந்து கேட்டேன். தயங்கித் தயங்கி, ஒவ்வோர் எழுத்துக்கும் மன்னிப்புக் கேட்பதுபோல இருந்தது. இவ்வளவு வயது வரை எனக்கு இது தெரியாது.

பதினாறில் நிறுத்தினேன். ஒலி தெளிவாக இருந்தது. பீக்கன் பத்தடி உயரம் என்றால் நான் முழங்கால் அளவு. ஜெபகுமாரின் அழைப்புக்குறியைத் தட்டி, என்னுடையதைத் தட்டி, ஐந்து நிமிடம் கூப்பிட்டேன். ஆப்பிரிக்காவின் தென்கோடியிலிருந்து ஒருவர் பதில் சொன்னார், உங்கள் ஒலி நன்றாக இருக்கிறது என்று. நன்றி சொல்லி விடைபெற்றேன். ஆனால் அழைத்த ஆள் வரவில்லை.

செவ்வாய், புதன் இரண்டு நாளும் கூப்பிட்டேன். வியாழன் மேகம். வெள்ளி, சனியும் கூப்பிட்டேன். பதில் இல்லை. அவர் அந்த நேரத்தில் கேட்டுக்கொண்டிருந்தாரா? பதினாறு போதவில்லையா? அல்லது நான் கூப்பிடுவதே அவருக்குத் தொந்தரவா? அப்படியென்றால் எழுதுங்கள், நிறுத்திவிடுகிறேன்.

பணிவன்புடன்,
சூர்யநாராயணன்


பாணேர், புணே
20 டிசம்பர் 2025, சனிக்கிழமை

அன்புச் சகோதரிக்கு,

உங்கள் பதில் வருவதற்குமுன் எழுதுகிறேன். அவசரத்தில் கோணிய எழுத்தைப் பொறுத்துக்கொள்ளுங்கள்.

இன்று காலையும் வழக்கம்போலப் பதினாறில் கூப்பிட்டேன். பதில் இல்லை. இதோடு போதும், அவர் விருப்பத்தை மதிக்க வேண்டும் என்று முடிவு செய்து கருவியை மூட ஆரம்பித்தேன்.

ஆய்வுக்கூடத்தில் எங்களுக்கு ஒரு பழக்கம். மேசையைவிட்டு எழுவதற்குமுன் எல்லாக் குமிழ்களையும் பூஜ்யத்துக்குக் கொண்டுவர வேண்டும். அடுத்து வருகிறவர் சுவிட்சைப் போட்டால் எதுவும் எரிந்துபோகக்கூடாது என்பதற்காக. முப்பது வருடம் ஒரு நாள்கூட நான் இதைத் தவறவிட்டதில்லை. இன்றும் தவறவிடவில்லை. மனம் வேறெங்கோ இருக்க, கை அந்த எண்ணைப் பூஜ்யத்துக்குக் கொண்டுபோய் வைத்தது.

தொண்ணூறு எண்களை அளக்க உட்கார்ந்தவன், பூஜ்யம்தான் உச்சம் என்று உங்கள் வீட்டுக்கே எழுதி அனுப்பியவன், அதைச் செய்தேன். கணினியை மூடுவதற்குமுன், இனி யாருக்கும் கேட்காது என்ற தைரியத்தில், ஒன்று தட்டினேன். சாயங்காலம் ஐந்தரைக்கு ஜெபகுமார் என் மேசைமேல் பென்சிலால் தட்டுவார், "போலாம் வே" என்று. அதைத்தான் தட்டினேன்.

கால் விநாடி எதுவும் இல்லை. அப்புறம் வந்ததை எப்படிச் சொல்வது! திரையில் நூல் இல்லை, கயிறு. பீக்கனுக்குப் பக்கத்தில் பீக்கனைவிடத் தடித்த கயிறு. காதில் நான் தட்டிய "போலாம்" இடிபோல விழ, அதன்மேல் சைரன். மேலும் கீழும் ஊளையிட்டது. மற்றவர்களின் இழைகள் ஒவ்வொன்றாக நின்றன. பிரேசிலிலும் ஜெர்மனியிலும் கென்யாவிலும் ஆட்கள் தட்டுவதை நிறுத்திவிட்டு, யார் இந்த மூர்க்கன் என்று பார்க்கிறார்கள். பார்த்தால் நான்! வாழ்க்கையில் முதன்முறையாக உலகத்திலேயே பெரிய சத்தம் என்னுடையது. நான் தட்டுவதை விட்டேன். சைரன் ஓய்ந்தது. பெட்டியின் வயரைப் பிடுங்கலாம் என்று குனிந்தேன்.

அப்போது என் இடத்திலேயே, என் அலைவரிசையிலேயே, ஒரு மோர்ஸ் வந்தது. முதல் எழுத்திலேயே தெரிந்துவிட்டது. கோடுகளைச் சற்று இழுத்து, கடைசிப் புள்ளியை விசுக்கென்று விடும் கை. வேறு யாருக்கும் அப்படி வராது. நம் தமிழை ஆங்கில எழுத்தில் தட்டினார்.

"நாணா வே. சத்தம்தான் போச்சு. காதையும் எடுத்திராதேயும்."

நான் என்ன பதில் தட்டினேன் என்று நினைக்கிறீர்கள்? "மன்னிக்கவும்."

"மன்னிப்பு இருக்கட்டும். முதல்ல எண்ணை மாத்தும். ஊரே காதைப் பொத்திட்டு நிக்கி."

மாற்றினேன். பதற்றத்தில் நேரே ஐம்பதுக்கு வைத்துவிட்டேன் போலிருக்கிறது. "எங்க போனீரு? செத்துட்டீரா?" என்று வந்தது. ஒவ்வோர் எண்ணாக இறங்கினேன். அவர் அங்கிருந்து, "இன்னும். இன்னும். பயப்படாதேயும். இன்னும் கொஞ்சம்" என்று தட்டிக்கொண்டே இருந்தார். பதினான்கில், "போதும்" என்றார்.

பதினான்கு எத்தனை வாட் என்று என் அட்டவணையில் இருக்கிறது. நான் எடுத்துப் பார்க்கவில்லை.

நாற்பது நிமிடம் பேசினோம். என்ன பேசினோம் என்று கேட்டால் பாதிக்குமேல் திட்டு. என் கை கிழவி ஊசி கோப்பதுபோல இருக்கிறதாம். லலிதா காப்பியோடு வந்தவள், "ஏன்னா, அழறேளா?" என்று கேட்டாள். "சத்தம் ஜாஸ்தியாப் போயிடுத்து" என்றேன். அவள் டம்ளரை வைத்துவிட்டுப் பக்கத்திலேயே உட்கார்ந்துகொண்டாள். ஒன்றும் புரியாவிட்டாலும் முழுவதும் கேட்டாள்.

சகோதரி, எனக்கு மூன்று சந்தேகங்கள். என் கூச்சலால் அவர் காதுக்குத் தீங்கு எதுவும் இல்லையே? அவர் பதில் தட்டியது கோபத்திலா? கோபம் தீர்ந்ததும் பழையபடி ஆகிவிடுவாரா? வெட்கத்தை விட்டுக் கேட்கிறேன், உண்மையை எழுதுங்கள். ஜனவரி ஆறுக்கு இன்னும் பதினேழு நாள் இருக்கிறது.

பணிவன்புடன்,
சூர்யநாராயணன்


இராமன்புதூர்
9 ஜனவரி 2026

அன்புள்ள அண்ணன் அவர்களுக்கும் மதினிக்கும்,

பிந்தி எழுதுகிறேன், மன்னியுங்கள். கிறிஸ்துமஸ் வேலை, அப்புறம் ஆள் வரத்து. ஆமாம், வீட்டுக்கு ஆட்கள் வருகிறார்கள். அவரும் கூடத்திலேயே உட்கார்ந்திருக்கிறார்.

அந்தச் சனிக்கிழமை நான் அடுப்படியில் மாவு பிசைந்துகொண்டிருந்தேன். அவர் அன்று ஹெட்போன் போடவில்லை. திடீரென்று வீட்டுக்குள் ஆம்புலன்ஸ் வந்ததுபோல ஒரு சத்தம். மாவுக்கையோடு ஓடினேன். பார்த்தால் மனிதர் மேசையைப் பிடித்துக்கொண்டு குலுங்குகிறார். எனக்கு உயிர் போய்விட்டது. மூச்சுத் துளை அடைத்துவிட்டது என்று கழுத்தைப் பார்க்கப் போனேன். கையைத் தட்டிவிட்டார். அண்ணன், அவர் சிரித்தார்! சத்தம் இல்லாமல், தோள் இரண்டும் ஆட, கண்ணில் தண்ணீர் வழிய. மார்ச் மாதத்துக்குப் பிறகு அன்றுதான். சிரித்துக்கொண்டிருக்கும்போதே கை தானாகப் போய்த் தட்ட ஆரம்பித்துவிட்டது.

உங்கள் முதல் சந்தேகத்துக்குப் பதில், காது நன்றாக இருக்கிறது. இரண்டாவதைப் பற்றி நான் அவரிடமே கேட்டேன். நீங்கள் இத்தனை நாள் கூப்பிட்டதும் அவருக்குக் கேட்டிருக்கிறது. ஒவ்வொரு நாளும் கேட்டுவிட்டுச் சும்மா இருந்திருக்கிறார். ஏன் பதில் சொல்லவில்லை என்றேன். காலண்டர் தாளைக் கிழித்துப் பின்பக்கம் எழுதினார். அப்படியே எழுதுகிறேன்: "ஆஸ்பத்திரியில் ஆரஞ்சுப்பழத்தோடு வந்து கட்டிலோரம் நிற்பவன் மாதிரி கூப்பிட்டான். எல்லோரும் என்னிடம் அப்படித்தான் பேசுகிறார்கள். நாணாவுமா என்று இருந்தது. சனிக்கிழமைதான் ஒரு மனுஷன் என்னிடம் கத்தினான்."

அது எனக்கும்தான் பொருந்தும். ஏனென்றால் நானும் ஒன்பது மாதமாக அவரிடம் மெதுவாகத்தான் பேசிக்கொண்டிருந்தேன். வார்டு பழக்கம். மறுநாள் காலை, "குளிக்கப் போறீங்களா இல்லியா, வெந்நி ஆறிப் போவுது!" என்று பக்கத்து வீட்டுக்குக் கேட்கும்படி கூவினேன். துள்ளி எழுந்து போனார்.

உங்களுக்கு எழுதிக்கொண்டிருந்ததையும் சொல்லிவிட்டேன். நீங்கள் எனக்கு எழுதிய எல்லாக் கடிதங்களையும் கேட்டு வாங்கி, சாய்வு நாற்காலியில் உட்கார்ந்து ஒரே மூச்சில் படித்தார். பீக்கனைப் பற்றி நான் சொன்னது தவறே இல்லை என்று நீங்கள் எழுதியதைப் படித்துவிட்டு என்னை ஏற இறங்கப் பார்த்தார், இத்தனை வருடம் அடுப்படியில் ஓர் இன்ஜினியரை வைத்திருந்தேனா என்பதுபோல.

ஆறாம் தேதி கல்லூரியிலிருந்து வண்டி வந்தது. இரண்டு பேர் அட்டைப்பெட்டிகளோடு உள்ளே வந்தார்கள். அவர் சட்டைப்பையிலிருந்து பேனாவை எடுத்து, அவர்கள் கொண்டுவந்த ரசீதின்மேலேயே எழுதிக் கொடுத்தார்: "பொருள்கள் தற்போது உபயோகத்தில் உள்ளன." காப்பி குடித்துவிட்டு வெறும் பெட்டியோடு போனார்கள்.

மூன்றாவது சந்தேகத்துக்கு இன்று காலை நடந்ததைச் சொல்கிறேன். மீன்காரி மல்லிகா வந்தாள். நான் போவதற்குள் அவர் வாசலில் குந்திவிட்டார். ஒவ்வொரு மீனாகச் செவுளைத் தூக்கிப் பார்த்து உதட்டைப் பிதுக்குகிறார். அவளும், "சும்மா புடிச்சு ஆட்டாதீரும் சாரே, குளச்சல்ல காலையில எறங்குன மீனாக்கும்" என்றாள். இவர் காலண்டர் தாளை எடுத்து எழுதி நீட்டினார். அவளுக்கு வாசிக்கத் தெரியாது, என்னிடம் கொடுத்தாள். "எந்த வாரத்துக் காலை?" என்று எழுதியிருந்தது. வாசித்தேன். எதிர்வீட்டுத் திண்டில் உட்கார்ந்திருந்தவர்கள் எல்லாம் சிரித்தார்கள்.

மல்லிகா இடுப்பில் கை வைத்துக்கொண்டு நின்றாள். "அந்த டாக்டரு தொண்டையைத்தானா எடுத்தாரு? நாக்கை ஏன் வுட்டாராம்?" என்று தெருவே அதிரக் கேட்டாள்.

அவருக்கு வந்த சிரிப்பில் கையிலிருந்த மீன் நழுவிவிட்டது. இன்று எங்கள் வீட்டில் அந்த மீன்தான்.

அன்புத் தங்கை,
அந்தோணியம்மாள்